கைதிகளைப் பட்டாளத்தில் சேர்ப்பது தகுமா?

இஷாத் தொழுகைக்குப் பின் கடையின் முன்பலகையைப் போடுவதற்குள் நாலு பேர் உட்கார்ந்து உலக விவகாரம் பேசுவது நம் கடையில் நெடுநாளைய வழக்கம். சென்ற மாதம் ஓரிரவு பேச்சு ருஷ்ய, உக்ரைன் யுத்தத்தில் வந்து நின்றது. "சிறையில் கிடக்கிறவனுக்கு மூன்று வேளையும் சோறு போட்டு வளர்ப்பானேன்? கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துப் போர்முனைக்கு அனுப்பினால் தேசத்துக்குப் பிரயோஜனம். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும்?" என்று நம் பெரியவர் ஒருவர் கேட்டார். அங்கிருந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நாமும் ஆட்டினோம்.

வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு அந்தத் தலையாட்டல் மனத்தை உறுத்தத் தொடங்கியது. ஏன் உறுத்தியது என்பதைக் கடைசியில் சொல்லுகிறோம். நாம் படித்தது தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பும், பிறகு மதரஸாவில் சில ஆண்டுகளுமே. இராணுவ சாஸ்திரம் நமக்குத் தெரியாது. ஆனால் வரவு செலவு எழுதத் தெரியும். எந்தச் செலவை எந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டால் இலாபம் வந்ததுபோல் தோன்றும் என்பதும் தெரியும். பெரியவர் 'பிரயோஜனம்' என்ற சொல்லைப் போட்டதனால், முதலில் அந்தப் பிரயோஜனத்தையே கணக்குப் பார்ப்போம்.

இக்காலத்தில் இந்த முறையை ஊரறியச் செய்தவர் ருஷ்யாவின் எவ்கேனி பிரிகோஜின். வாக்னர் என்னும் கூலிப்படையின் தலைவர். தாமும் இளமையில் பல ஆண்டுகள் சிறையிலிருந்தவர். 2022-ஆம் ஆண்டில் அவர் சிறைச்சாலைகளுக்கு நேரில் போய், கைதிகளை முற்றத்தில் நிறுத்திப் பேசினார். ஆறு மாதம் போர்முனையில் நின்றால் மன்னிப்பு; இடையில் ஓடினால் சுடப்படுவாய். இதுவே ஒப்பந்தம். 2023 மே மாதம் பாக்முத் நகரம் பிடிபட்ட சமயம் அவரே வாய்விட்டுச் சொன்ன கணக்கின்படி, சேர்த்த கைதிகள் 50,000. அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 23-ஆம் தேதி விமானம் விழுந்து அவரும் மாண்டார். அதற்கு முன்பே ருஷ்ய இராணுவம் கைதிகளைக் கொண்டு தனிப் பிரிவுகளை வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. எதிர்த்தரப்பான உக்ரைனும் ஆள் பற்றாமல், 2024 மே மாதம் மிகக் கொடிய குற்றவாளிகள் நீங்கலாக மற்றக் கைதிகள் விரும்பினால் சேரலாம் என்று சட்டம் செய்தது.

இது புதிய யோசனையன்று. அதே தேசத்தில் 1942 ஜூலை 28-ஆம் தேதி ஸ்டாலின் 227-ஆம் எண் கட்டளையைப் பிறப்பித்தார். ஓரடியும் பின்வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். பின்வாங்கியவர்களையும் ஒழுங்கு மீறியவர்களையும் தண்டனைப் படைகளில் போட்டார்கள். பிற்பாடு சிறைகளிலிருந்தும் முகாம்களிலிருந்தும் ஆள் வந்தது. ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை தவணை. அதற்குள் காயம்பட்டால் இரத்தத்தால் குற்றம் கழுவப்பட்டதாகக் கருதிப் பழைய படைக்கு அனுப்புவார்கள். ஓடி வருகிறவனைத் தடுக்க, அவசியமானால் சுட, பின்னால் வேறொரு படை நிற்கும். யுத்தம் முடியும் வரை இப்படைகளில் இருந்தோர் தொகை 4,27,910 என்று அந்நாட்டு இராணுவ ஏடுகளைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1944-ஆம் ஆண்டில் இவர்களுக்கு நேர்ந்த சேதம், அதே சண்டைகளில் நின்ற சாதாரணப் படைகளின் சேதத்தைப்போல் மூன்று முதல் ஆறு மடங்கு.

நாலு இலட்சத்து இருபத்தேழாயிரம் என்றால் நமக்குப் பெரிய தொகை. ஆனால் அந்த யுத்தத்தில் சோவியத் நாடு திரட்டிய மொத்த ஆட்கள் மூன்று கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேல். நூற்றுக்கு ஒன்றேகால் பேர்கூட இல்லை! இந்த ஒன்றேகால் பேர்தாம் யுத்தத்தை ஜெயித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியானால் அவர்களை வைத்துக் கொண்டதன் உபயோகம் யாது?

நாம் யோசித்துப் பார்த்தவரை, தண்டனைப் படையின் முதல் உபயோகம் எதிரியிடத்தில் இல்லை. மற்ற தொண்ணூற்றொன்பது பேரிடத்தில் இருக்கிறது. 'நீ ஓடினால் உன்னையும் அங்கே போடுவோம்' என்று காட்டுவதற்கு ஓர் 'அங்கே' வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒருவனை முட்டிபோட வைத்தால் மற்றவர்கள் வாய் பொத்துகிறார்களே, அந்த உபயோகம்.

இரண்டாவது உபயோகம் இன்னும் நுட்பமானது. வியாபாரிக்கு எளிதில் விளங்கும். ஒரு தளபதி ஆயிரம் சிப்பாய்களை இழந்தால் ஊரில் ஆயிரம் தாய்மார் கேட்பார்கள், பத்திரிகை கேட்கும், நாளைக்கு ஆள் சேர்ப்பது கடினமாகும். ஆயிரம் கைதிகளை இழந்தால் யார் கேட்பது? கேட்கக் கூடிய உறவினரும் வெட்கத்தினால் வாயைத் திறக்க மாட்டார்கள். நஷ்டம் நடந்திருக்கிறது, ஆனால் நோட்டில் ஏறவில்லை. அழுகிப்போன வெங்காயத்தைக் கொல்லைப்புறத்தில் கொட்டிவிட்டு, இம்மாதம் சேதமில்லை என்று எழுதும் கணக்குப்பிள்ளையை நாம் பார்த்திருக்கிறோம். கைதிப் பட்டாளத்தை இலாபம் என்று சொல்கிற இராணுவக் கணக்கும் பெரும்பாலும் அத்தகையதே. நம் பெரியவர் சொன்ன 'நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்' என்ற வார்த்தையை வாசகர்கள் திரும்பப் பார்க்கவும். ஒருவன் சாவு நஷ்டம், மற்றவன் சாவு நஷ்டமில்லை என்ற தீர்ப்பு அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள்: குற்றவாளிக்குத் துணிச்சலும், சில வித்தைகளும் உண்டு, அவற்றை ஏன் வீணாக்க வேண்டும் என்று. இதை ஜெர்மானியர் செய்து பார்த்தார்கள். 1940-இல் திருட்டு வேட்டைக்காரர்களைச் சிறையிலிருந்து எடுத்து ஒரு சிறு படை அமைத்தார்கள். காடு அறிந்தவன், சுவடு பார்க்கத் தெரிந்தவன், குறி தப்பாதவன். காட்டில் ஒளிந்து போரிடுவோரைப் பிடிக்க ஏற்றவன் என்பது யோசனை. டிர்லவாங்கர் என்பவன் அதன் தலைவன். அவனும் சிறை கண்டவன். வேட்டைக்காரர்களோடு பிறகு எல்லா வகைக் குற்றவாளிகளும் சேர்ந்தார்கள். அப்படை பெலோருஷ்யக் கிராமங்களில் ஜனங்களைக் கொட்டகையில் அடைத்து எரித்தது. 1944 ஆகஸ்டில் வார்ஸா நகரத்தில் பெண்டு பிள்ளைகளையும் நோயாளிகளையும் கொன்றது. அதே ஜெர்மனியில் 999-ஆம் எண் கொண்ட வேறொரு தண்டனைப் படையில் அரசியல் கைதிகள் பலரைச் சேர்த்தார்கள். கிரேக்க நாட்டுக்கு அனுப்பப்பட்ட அவர்களில் எத்தனையோ பேர் சந்தர்ப்பம் கிடைத்ததும் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மனச்சாட்சி இல்லாதவனைச் சேர்த்தால் கொள்ளை. மனச்சாட்சி உள்ளவனைச் சேர்த்தால் கட்சி மாறல். இரண்டுக்கும் நடுவே அந்தப் படைகளால் என்ன சாதித்தார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

தூரதேசத்துச் சங்கதி போதும். இதற்கு நெருங்கிய ஒன்று நம் பேராக்கிலேயே நடந்தது. நம் பாட்டனார் கண்ணால் கண்டது.

1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டு நீடித்தது. ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்று ஆரம்பத்திலேயே சட்டம் வந்தது. நம் பாட்டனார் அப்போது சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்து வாசலில் சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். இன்று அங்கே பால் மரம் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். லயம் இருந்த இடத்தில் ஒரு சிறு கோயிலும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் மிச்சம்.

காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு. அரிசி அளந்து விற்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். டின்னில் அடைத்த சாமான்களைக் கடைக்காரனே துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். துளையிட்டால் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேமித்து வைக்க முடியாதல்லவா! பால் டின்னைக் குத்துவதற்கென்றே பாட்டனார் மேஜைமேல் ஓர் ஆணியும் சுத்தியலும் வைத்திருந்தார். அந்த ஆணி வாப்பா காலம்வரை கடையில் கிடந்தது.

இக்காலத்தில் சர்க்கார் புது வழி ஒன்று கண்டது. காட்டிலிருந்து சரணடைந்து வந்தவர்களில் விரும்பியவர்களைக் கொண்டு 1953-இல், ஜெனரல் டெம்ப்ளர் ஆட்சியில், ஒரு விசேஷத் தொண்டர் படையை அமைத்தார்கள். 180 பேர், பதினைந்து பேர் கொண்ட 12 பிரிவுகள். போலீஸ் வளவுக்குள் வாசம். சாதாரணப் போலீஸ்காரன் சம்பளம். 18 மாதம் சேவை செய்தால் அதன்பின் விடுதலை. அவர்கள் வேலை, தாங்கள் விட்டு வந்த காட்டுக்குள் திரும்பப் போய், நேற்று ஒரே பானையில் உண்ட தோழர்களைத் தேடுவது.

இராணுவ உபயோகம் என்று பார்த்தால், இதுவரை சொன்ன படைகளில் இது ஒன்றுதான் கணக்குக்கு நேராக நிற்கிறது என்பது நம் அபிப்பிராயம். அவர்களைக் குண்டுக்கு முன்னால் மறைப்பாக நிறுத்தவில்லை. அவர்களிடம் இருந்ததோ வேறு எவரிடமும் இல்லாத அறிவு: எந்த ஓடையில் தண்ணீர் எடுப்பார்கள், எந்த மரத்தில் கடிதம் வைப்பார்கள், எந்தத் தோட்டத்தில் யார் அரிசி கொடுப்பார். ஒரு பட்டாளமே வாரக்கணக்கில் காட்டில் அலைந்தும் ஒருவரையும் காணாமல் திரும்புவது அக்காலத்தில் சாதாரணம். சரணடைந்த ஒருவன் வழி காட்டினால் நேரே முகாமுக்குப் போய்விடலாம். அத்தகையவன் செத்தால் சர்க்காருக்கே நஷ்டம். ஆகவே அவனை உயிரோடு வைத்திருக்க அதற்கே அக்கறை இருந்தது. ருஷ்யாவில் கைதியின் உயிரைத்தான் செலவழித்தார்கள். இங்கே அவன் அறிவைச் செலவழித்தார்கள்.

இத்தோடு நின்றால் மலாயா முறை நியாயமானது என்று எழுதிவிடலாம். பாட்டனார் சொன்ன ஒரு சம்பவம் நம்மை நிறுத்துகிறது.

ஒரு நாள் போலீஸ் லாரி ஒன்று கடைக்கு முன் நின்றது. அதிலிருந்து இறங்கியவன் அதே தோட்டத்தில் முன்பு பால் வெட்டியவன். நம் தமிழ்ப் பிள்ளை. காட்டுக்குப் போய் மூன்று ஆண்டாயிற்று. செத்தான் என்றே நினைத்திருந்தார்கள். இப்போது உடம்பில் சர்க்கார் சட்டை. ஒரு டின் பால் கேட்டான். பாட்டனார் எடுத்து மேஜைமேல் வைத்தார். குத்துவதா, வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவன் தானே ஆணியை எடுத்து நீட்டி, "குத்துங்க ராவுத்தரே, சட்டம் எல்லாருக்கும்தானே" என்றானாம். குத்திக் கொடுத்தார். அவன் லாரியண்டை போகாமல் கடைத் திண்ணையிலேயே நின்று முழுப் பாலையும் குடித்துவிட்டு டின்னை வைத்துவிட்டுப் போனான். எதிரே லயத்து வாசலில் அவனுடைய சொந்தச் சித்தப்பன் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பன் மகனும் காட்டில் இருந்தான் என்பது பாட்டனாருக்குத் தெரியும். லாரியில் வந்தவனுக்கும் தெரியும்.

பாட்டனார் இதைச் சொல்லும்போதெல்லாம், அவன் செய்தது சரி என்றோ தப்பு என்றோ சொன்னதில்லை. "அவனுக்கு உயிர் கொடுத்தார்கள். ஆனால் விலை சொல்லிக் கொடுத்தார்கள்" என்பார்.

அந்த விலையைச் சற்று ஆராய வேண்டும். மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்தார் என்று பிடிக்கப்பட்டு, 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடுச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற இந்திய சர்க்கார் முயன்றும் பயனில்லை. அவசரகாலம் முழுவதிலும் அவ்வாறு தூக்கேறியவர்கள் இருநூறுக்கு மேற்பட்டவர்கள். நம் ஈப்போவிலேயே 1952-இல் லீ மெங் என்ற இளம்பெண் கைக்குண்டு வைத்திருந்ததாகக் கைதானாள். முதல் விசாரணையில் நீதிபதியுடன் அமர்ந்திருந்த மதிப்பீட்டாளர் இருவரும் குற்றமில்லை என்றனர், நீதிபதி ஏற்கவில்லை. இரண்டாம் விசாரணையில் மரண தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. ஹங்கேரி நாடு தன்னிடமிருந்த ஆங்கிலேயக் கைதி ஒருவரைக் கொடுத்து இவளை வாங்கிக்கொள்ளக் கேட்டது, ஆங்கிலேயர் மறுத்துவிட்டனர். 1953 மார்ச்சில் பேராக் சுல்தான் தண்டனையை ஆயுட்சிறையாகக் குறைத்தார்.

கணபதிக்கு 1949-இல் கயிறு. லீ மெங்குக்கு 1953 மார்ச்சில் மன்னரின் கருணை. அதே 1953-இல், துப்பாக்கியோடு காட்டில் திரிந்த 180 பேருக்குச் சர்க்கார் துப்பாக்கியும் மாதச் சம்பளமும். பிடிபட்டவன் வேறு, தானாகச் சரணடைந்தவன் வேறு என்று சர்க்கார் சொல்லும். அந்த வித்தியாசத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வாசலைத் தட்டி வந்தவனையும் வலையில் விழுந்தவனையும் ஒன்றாக நடத்த முடியாது. ஆனால் சரணடைந்தவன் வெறுமனே மனந்திருந்தி ஒரு மூலையில் தோட்டம் போட்டுப் பிழைப்பது ஒன்று. பழைய தோழனைக் காட்டிக் கொடுத்தால்தான் சீக்கிரம் வீடு போகலாம் என்பது வேறொன்று. முன்னதில் அவன் உயிரை மதிக்கிறோம். பின்னதில் அவன் உபயோகத்தை மதிக்கிறோம். உபயோகம் தீர்ந்த அன்று மதிப்பும் தீரும். ஏதும் அறியாத ஒருவன், காட்டிக்கொடுக்க ஆளில்லாதவன், அவனுக்கு விலை என்ன?

தன்னிஷ்டத்தின்பேரில் சேர்ந்தார்கள் என்பார்கள். கயிறும் காடும் ஒருபுறம் இருக்க, மறுபுறம் சம்பளம் காட்டினால், அது எவ்வளவு தூரம் இஷ்டம் என்பதைக் கடனாளியிடம் கையெழுத்து வாங்கிய எந்த வியாபாரியும் சொல்லுவான்.

பிரிட்டிஷார் இந்த வியாபாரத்துக்குப் புதியவர்களும் அல்லர். 1873 வரையில் இந்தியக் கைதிகளைப் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் கடல் கடத்தி, ரோடும் பாலமும் போட வைத்தார்கள்; அவர்களில் நம்பிக்கையானவர்களையே காவலாட்களாக வைத்து மற்றவர்களை மேய்த்தார்கள். முதல் உலக யுத்தத்தில் 1916 அக்டோபர் தொடங்கி 1919 ஜூலை வரை, இந்தியச் சிறைகளிலிருந்து ஏறத்தாழ 16,000 கைதிகளைச் சிறைத் தொழிலாளர் படையென்று பெயரிட்டு ஈராக்குக்கு அனுப்பினார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. மூட்டையும் மண்வெட்டியும் கொடுத்தார்கள். கூலி உண்டு, தண்டனையில் கழிவும் உண்டு. பட்டாளத்தில் எவரும் விரும்பாத வேலை இவர்களுக்கு.

அந்த ஈராக் மண் என்றதும் நம் ஆலிம்ஷா அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். கடையில் பேசிய மறுநாள் அவர்களிடம் கேட்டோம். காதிஸிய்யாப் போரைக் கேட்டதில்லையா என்றார்கள். மதரஸாவில் கேட்டதுதான்; மறந்திருந்தோம்.

கி.பி. 636 வாக்கில் பாரசீகருக்கும் முஸ்லிம்களுக்கும் காதிஸிய்யாவில் நடந்த பெரும்போர். முஸ்லிம் தளபதி ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் உடல் நலமின்றிக் குதிரையேற முடியாமல் கோட்டை மாடியிலிருந்து போரை நடத்தினார்கள். அபூ மிஹ்ஜன் என்ற தகீஃப் கோத்திரத்து வீரர், மதுவின் காரணமாகத் தளபதியால் விலங்கிடப்பட்டுக் கீழே கிடந்தார். போர் முழக்கம் காதில் விழ விழ அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தளபதியின் மனைவி ஸல்மாவிடம், "என்னை அவிழ்த்துவிடு, உயிரோடிருந்தால் திரும்பி வந்து நானே காலை விலங்கில் வைப்பேன்" என்று மன்றாடினார். முதலில் மறுத்த அம்மையார், பிறகு மனமிரங்கி அவிழ்த்தார். தளபதியின் பல்கா என்னும் குதிரையிலேறி அவர் போர்க்களம் புகுந்தார். யார் இந்த வீரர் என்று படையே வியந்தது. மாடியிலிருந்து பார்த்த தளபதியும், அபூ மிஹ்ஜன் கட்டுண்டிராவிட்டால் அவர்தாம் என்பேன் என்று கூறியதாகச் சரித்திர நூல்களில் காணலாம். இரவானதும் திரும்பி வந்து விலங்கைத் தாமே மாட்டிக்கொண்டார். செய்தியறிந்த தளபதி அவரை விடுவித்து, இனி உம்மைக் கசையால் அடிக்க மாட்டேன் என்றார்கள். அப்படியானால் நானும் இனி அதைத் தொடமாட்டேன் என்றார் அபூ மிஹ்ஜன். கசையடி இருந்தவரையில் விடாத மது, கசையடி நீங்கிய அன்று விட்டது!

"அப்படியானால் கைதியைப் போருக்கு அனுப்பலாம் என்பதற்கு ஆதாரம் ஆயிற்றே?" என்று கேட்டோம். ஆலிம்ஷா சிரித்தார்கள். "தளபதி அனுப்பினார் என்று எங்கே இருக்கிறது? அவருக்குத் தெரியவே தெரியாதே! அவர் அன்று காலையில் எல்லாக் கைதிகளையும் அவிழ்த்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையை நாம் இப்படிச் சந்தோஷமாகச் சொல்லிக் கொண்டிருப்போமா?" என்றார்கள்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தோம். அபூ மிஹ்ஜனுக்கு யாரும் விலை சொல்லவில்லை. போனால் விடுதலை என்று ஸல்மா சொல்லவில்லை. திரும்பி வந்தால் விலங்குதான். அவருக்குப் பின்னால் சுடுவதற்கு ஆள் இல்லை. வாக்கு ஒன்றுதான் இருந்தது. அவர் மாண்டிருந்தால் அந்த நஷ்டம் முழுவதும் அவிழ்த்துவிட்ட அம்மையார் தலையில் ஏறியிருக்கும். கைதியை நம்பியவர் தாமும் எதையோ பணயம் வைத்தார். பிரிகோஜினோ, ஸ்டாலினோ, டெம்ப்ளரோ கைதியை நம்பி எதைப் பணயம் வைத்தார்கள்? இராணுவங்கள் ஸல்மாவைப் போல் நடக்க முடியாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆயிரக்கணக்கான கைதிகளை வாக்கை மட்டும் நம்பி எந்தத் தளபதி அவிழ்த்துவிடுவான்? அப்படியானால் அபூ மிஹ்ஜனை அவர்கள் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. கைதிக்கு நாங்கள் திருந்த வழி தருகிறோம் என்று சொல்லவும் கூடாது. ஆள் குறைவு, கேட்பாரற்றவனை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லட்டும்.

இனி, நம் உறுத்தலுக்கு வருவோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கஞ்சா வழக்கில் சிறையிருந்து வெளிவந்த ஒரு பையன் நம் கடைக்கு வேலை கேட்டு வந்தான். புந்தோங் பக்கத்துப் பிள்ளை, தகப்பன் இல்லை. ஐந்தாறு கடை ஏறி இறங்கிவிட்டுத்தான் நம்மிடம் வந்திருக்கிறான். சேர்த்துக் கொண்டோம். ஜமாஅத்தில் நாலு பேர் நம்மைப் பெரிய மனதுக்காரர் என்று சொன்னார்கள், கேட்டுக்கொண்டும் இருந்தோம். அவனுக்குக் கொடுத்த வேலை, லாரி வந்தால் இரவானாலும் அரிசி மூட்டை இறக்குவது. கிட்டங்கியில் எலி செத்தால் எடுப்பது. மற்ற ஆட்கள் முதுகுவலி என்று தட்டிக் கழிப்பதெல்லாம் அவன் தலையில். மற்றவர்களுக்கு நாள் கூலி 55 வெள்ளி, அவனுக்கு 35. ஏன் குறைவு என்று அவன் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்க மாட்டான் என்று நமக்குத் தெரியும், அதனால்தான் 35. கல்லாவில் சில்லறை குறைந்த அன்று முதலில் அவன் முகத்தைத்தான் பார்த்தோம். பிறகு அது மற்றொருவர் எண்ணியதில் வந்த பிழை என்று தெரிந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. ஒரு நாள் சொல்லாமலே நின்றுவிட்டான். நன்றி கெட்டவன் என்று நாமே நாலு பேரிடம் சொன்னோம்.

பெரியவர் கேள்விக்குத் தலையாட்டிய இரவு நமக்கு ஞாபகம் வந்தது இவன் முகம்தான். துப்பாக்கி இல்லை, யுத்தம் இல்லை. ஆயினும் கேட்பாரற்றவனை முன்வரிசையில் நிறுத்திவிட்டு, அதற்குத் தர்மம் என்று பேர் வைத்துக்கொண்டோம். நஷ்டத்தை நம் நோட்டில் ஏற்றவில்லை.

பழைய நோட்டுகளை எடுத்துக் கணக்குப் போட்டோம். நாளொன்றுக்கு 20 வெள்ளி வித்தியாசம், மாதம் 26 நாள், 14 மாதம். 7,280 வெள்ளி ஆயிற்று. விசாரித்து, சென்ற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் புந்தோங்கில் அவன் வீட்டுக்குப் போனோம். இப்போது ஒரு லாரி பட்டறையில் வேலை செய்கிறான். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றான். விஷயத்தைச் சொல்லிக் கவரை நீட்டினோம். கல்லாச் சில்லறை சங்கதியையும் சொன்னோம். அவன் வாங்கவில்லை. "எதுக்கு முதலாளி? அப்ப யாருமே வேலை கொடுக்கல. நீங்க ஒருத்தர்தான் கொடுத்தீங்க" என்றான். அந்த வார்த்தை நம்மைச் சமாதானப்படுத்தும் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருப்போம். ஆறு மாதத்தில் உயிரோடு வீடு திரும்பிய ருஷ்யக் கைதியும் பிரிகோஜினுக்கு நன்றி சொல்லியிருப்பான்.

கவரை வாங்கியது அவனுடைய தாயார். உள்ளிருந்து வந்து, இரண்டு கையாலும் வாங்கி, நம் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எண்ணினார். பிறகு நிமிர்ந்து, "பதினாலு மாசமா முதலாளி? தீபாவளிக்கு முந்தின மாசம் சேர்ந்தான், மறு வருசம் தீபாவளி கழிச்சு அடுத்த மாசம் நின்னான். பதினஞ்சு வரும்" என்றார். பையன் "விடும்மா" என்றான்.

கடைக்கு வந்து நோட்டைத் திருப்பினோம். முதல் மாதம் அவன் பேரை ஆட்கள் பட்டியலில் எழுதவே இல்லை. அந்தக் கூலி சில்லறைச் செலவில் போயிருந்தது. அந்த அம்மாள் சொன்னதே சரி. மீதி 520 வெள்ளியை மறுநாள் காலையில் நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம்.